எனக்கு என்ன பிடிக்கும்? – கல்லூரி முடிவதற்குள் கேட்க வேண்டிய கேள்வி

பாடத்தைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தன்னைத் தெரிந்துகொள்ள மாணவருக்கு நேரம் கொடுப்பது யார்? இளங்கலை மாணவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு சிறப்புக் கட்டுரை.

இறுதியாண்டு தொடங்கியதும் ஹாஸ்டல் அறைகளில் ரெஸ்யூமே தயாரிக்கும் வேலை ஆரம்பித்துவிடும். மதிப்பெண், ப்ராஜெக்ட், தெரிந்த கணினி மொழிகள் எல்லாம் மளமளவென்று நிரம்பும். 'பொழுதுபோக்கு, ஆர்வங்கள்' என்ற கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றுவிடும். பலரும் சீனியரின் ரெஸ்யூமேயைத் திறந்து, 'புத்தகம் வாசித்தல், இசை கேட்டல், கிரிக்கெட்' என்ற வரியை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார்கள். நேர்காணலில், "கடைசியாகப் படித்த புத்தகம் எது?" என்று கேட்டால் பதில் வராது.

இதை மாணவர்களின் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை வீட்டிலும் பள்ளியிலும் உறவினர் கல்யாணத்திலும் அவர்களிடம் கேட்கப்பட்டதெல்லாம் "எவ்வளவு மார்க்?" என்பதுதான். "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்தக் கேள்விக்கு இருபது வயதில் திடீரென்று விடை சொல்லச் சொன்னால் யாருக்குமே தடுமாற்றம் வரும்.

அந்த விடையைத் தேட, கல்லூரியில் இருக்கும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளைவிட நல்ல காலம் வாழ்க்கையில் அமைவது அரிது. நூலகம், ஆய்வுக்கூடம், மைதானம், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நண்பர்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பேராசிரியர்கள் என எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று விட்டாலும் பெரிதாக எதுவும் போய்விடாது. முப்பத்தைந்து வயதில், வீட்டுக் கடனோடும் பிள்ளைகளோடும் அதே சோதனையைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை அந்த வயதில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பதினேழு வயதில் எடுத்த முடிவு

உயர்கல்விக்கு மாணவர்களை அனுப்புவதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. வயல் வேலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். இது பல தலைமுறைகளின் உழைப்பு. பெருமைப்பட வேண்டிய சாதனை.

ஆனால், கல்லூரிக்குள் நுழையும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. கட்-ஆஃப் எண் வந்ததும், போன வருடம் அந்த எண்ணுக்கு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தது என்று பார்த்து விருப்பப் பட்டியலை நிரப்புகிறார்கள். பட்டியலுக்குப் பெயர்தான் 'விருப்பம்'. அதை நிரப்புவது பெரும்பாலும் மாமாவின் யோசனை, பக்கத்து வீட்டு அண்ணனின் சம்பளம், கல்லூரியின் பிளேஸ்மென்ட் விளம்பரம். கலை அறிவியல் கல்லூரிகளிலும் இதே கதைதான். பி.காம். கேட்டு வந்தவருக்கு வரலாறு கிடைக்கும். தமிழ் படிக்க ஆசைப்பட்டவரை வீட்டில் கணினி அறிவியலில் சேர்த்துவிடுவார்கள்.

உளவியலாளர் ஜேம்ஸ் மார்ஷியா 1966-ல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இந்த இடத்தில் நமக்கு உதவுகிறது. 'நான் யார், என்ன ஆகப்போகிறேன்' என்ற கேள்வியில் இளைஞர்கள் நான்கு நிலைகளில் நிற்கிறார்கள் என்றார் அவர். தேடாமலும், முடிவு எடுக்காமலும் இருப்பவர்கள் ஒரு வகை. தேடாமலேயே, பெரியவர்கள் சொன்னதைத் தன் முடிவாக ஏற்றுக்கொண்டவர்கள் இரண்டாம் வகை. தேடிக்கொண்டே இருந்து இன்னும் முடிவுக்கு வராதவர்கள் மூன்றாம் வகை. தேடிப் பார்த்து முடிவுக்கு வந்தவர்கள் நான்காம் வகை.

நம் வீடுகளில் இரண்டாம் வகைப் பிள்ளைக்குத்தான் 'சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை' என்று நற்பெயர். மூன்றாம் வகைப் பிள்ளையை 'குழப்பவாதி' என்கிறோம். ஆனால், அந்த மூன்றாம் நிலையைக் கடக்காமல் நான்காம் நிலைக்கு வர முடியாது. கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ குழம்பி நின்றால் பயப்பட வேண்டாம். அந்தக் குழப்பம் சிந்தனை தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம்.

நூலகத்தில் தவித்த கணித ஆசிரியர்

'என் ஆர்வம் எதுவென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை' என்று சொல்லும் மாணவர்கள் அநேகம். ஆர்வம் எங்கோ தயாராக உட்கார்ந்திருப்பது போலவும், ஒருநாள் அது தானாக வந்து தோளைத் தட்டும் என்றும் அவர்கள் நினைக்கிறார்கள். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் வாழ்க்கை அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சென்னை கிறித்துவக் கல்லூரியில் கணிதம் படித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர் ரங்கநாதன். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டார். சில நாள்களிலேயே அந்த வேலை அவருக்குச் சலித்துவிட்டது. மாணவர்கள் நிறைந்த வகுப்பறையில் பேசிப் பழகியவருக்கு, ஆள் நடமாட்டமில்லாத நூலகத்தின் தனிமையைத் தாங்க முடியவில்லை. மறுபடியும் கணிதம் கற்பிக்கவே போய்விடுகிறேன் என்று மாநிலக் கல்லூரிக்குச் சென்று கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகத் துறையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

லண்டனில் அவர் கண்ட நூலகங்கள் எல்லாத் தரப்பு மக்களும் வந்துபோகும் இடங்களாக இருந்தன. புத்தகங்களை வகைப்படுத்தும் முறையில் ஓட்டைகள் இருந்ததும் அவர் கண்ணில் பட்டது. கணிதம் படித்த மூளைக்கு அது நல்ல தீனி. ஊர் திரும்பியவர், வகுப்பறைக்குப் போகவில்லை. 1931-ல் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்', 1933-ல் 'கோலன் வகைப்பாடு' என்று அவர் எழுதிய நூல்கள் உலகம் முழுவதும் நூலகத் துறையில் படிக்கப்படுகின்றன. சுதந்திர இந்தியாவுக்கே முன்மாதிரியான 1948-ன் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு இருந்தது. அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12-ஐ நாடு நூலகர் தினமாகக் கொண்டாடுகிறது.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ரங்கநாதனிடம், "உங்கள் ஆர்வம் நூலகமா?" என்று கேட்டிருந்தால் இல்லையென்றே சொல்லியிருப்பார். உள்ளே இறங்கி, சிக்கலைப் பார்த்து, கையை வைத்த பிறகுதான் ஆர்வம் வளர்ந்தது.

இதை ஆய்வும் உறுதிசெய்கிறது. பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரிகரி வால்டன் ஆகிய மூன்று உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனைகளை 2018-ல் வெளியிட்டார்கள். ஒரு சோதனையில் கருந்துளை பற்றிய சுவையான காணொளி ஒன்றைக் காட்டினார்கள். பார்த்த பலருக்கும் ஆர்வம் பிறந்தது. அடுத்து அதே விஷயத்தைப் பற்றிய கடினமான கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே அமைவது என்று நம்பிய மாணவர்களுக்கு அதோடு உற்சாகம் வெகுவாகக் குறைந்துபோனது. ஆர்வம் வளர்க்க வளர்க்க வளர்வது என்று நம்பியவர்கள் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகவில்லை.

கிடாரையோ, கோடிங்கையோ, கல்வெட்டு வாசிப்பையோ ஆரம்பித்துவிட்டு, கடினமாக இருப்பதால் 'இது எனக்கானதில்லை' என்று விடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கடினமாக இருக்கிறது என்பது விட்டுவிடுவதற்கான காரணம் ஆகாது. எல்லாருக்கும் அந்த இடம் கடினமாகத்தான் இருக்கும்.

தாமதமாகத் தெரிந்தாலும் தாழ்வில்லை

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாமுக்கு, பி.எஸ்சி. முடித்த பிறகுதான் தனக்கான துறை பொறியியல் என்பது புரிந்தது. இறுதியாண்டில் ஆங்கில இலக்கியத்திலும் அவருக்கு ஈடுபாடு வந்திருந்தது. டால்ஸ்டாயையும் தாமஸ் ஹார்டியையும் படித்தார். பொறியியல் படிக்க, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விண்ணப்பித்தார். சேர்க்கைக் கட்டணத்துக்குச் சகோதரி ஜோகரா தன் நகைகளை அடகு வைத்தார்.

எம்.ஐ.டி. வளாகத்தில் பழைய விமானங்கள் இரண்டு காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகும் கலாம் அவற்றின் அருகே உட்கார்ந்திருப்பார். தன்னை எது இழுக்கிறது என்பதை அவர் கவனித்தார். விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் நம் விமானத்தை நாமே உருவாக்குவது பற்றித் தமிழில் எழுதி, ஆனந்த விகடனின் ஆசிரியர் தேவன் கையால் முதல் பரிசு பெற்றார். தன் வாழ்க்கைக் கதையில் இவை அனைத்தையும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

மூன்று வருடம் படித்த பிறகு வேறு துறைதான் பிடிக்கிறது என்று தெரிந்தால், அந்த மூன்று வருடம் வீண் என்று நாம் பேசுகிறோம். அந்த இயற்பியல், விமானப் பொறியியலுக்கு அடித்தளமாக இருந்தது. அந்த இலக்கிய வாசிப்பு, பின்னாளில் அவர் எழுதிய புத்தகங்களில் தெரிந்தது. கற்ற எதுவும் வீணாவதில்லை.

வேலையா, ஆர்வமா?

'ஆர்வத்தைத் துரத்து' என்று மேடையில் பேசுவது சுலபம். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அது எளிதில்லை. காலை ஷிப்ட் வகுப்பு முடிந்ததும் மதியம் துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் மாணவரும், தங்கையின் படிப்புச் செலவை ஏற்கப்போகும் மாணவியும் முதலில் வேலைக்குத்தான் போக வேண்டும். அது பொறுப்பு, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், வேலைக்குப் போனால் ஆர்வத்தை மூட்டைகட்டி வைத்துவிட வேண்டும் என்ற நினைப்பு தவறு.

சி.வி.ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906-ல், ஒளி பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் ஆய்விதழில் வெளியானது. 1907-ல் எம்.ஏ. முடித்துவிட்டு அரசின் நிதித்துறையில் சேர்ந்தார். அறிவியலை நம்பிப் பிழைக்க அன்று வழியில்லை. கல்கத்தாவில் பகலில் கணக்கு அலுவலகம், அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1917-ல்தான் வேலையை விட்டுப் பேராசிரியரானார். 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1960களில் பணிக்கு நடுவே தமிழ் பிராமி கல்வெட்டுகளில் இறங்கினார். குகைகளில் ஏறி, எழுத்துகளைப் படியெடுத்து, பல பத்தாண்டுகள் உழைத்தார். சிந்துவெளி எழுத்துகளுக்கான அவருடைய தொகுப்பு 1977-லும், பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய பெருநூல் 2003-லும் வெளிவந்தன. எழுத்தாளர் சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டேதான் நாவல்களை எழுதிக் குவித்தார்.

இவர்கள் யாருக்கும் வேலை ஒரு தடையாக இருந்துவிடவில்லை. ஆனால், வேலைக்குப் போன பிறகு ஒரு ஆர்வத்தைத் தக்கவைக்க வேண்டுமானால், அதற்கான பழக்கம் முன்பே ஏற்பட்டிருந்தால் நல்லது. கல்லூரிக் காலத்தில் எதையும் தொடாதவருக்கு, வேலை தரும் களைப்பில் மாலையில் கைபேசித் திரைதான் மிஞ்சும்.

எங்கே தொடங்குவது?

பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். பல கதவுகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன.

*கடற்கரையில்:* சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-ல் மாணவர்களால் தொடங்கப்பட்டது. ஆண்டின் முதல் மாதங்களில், பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலத்தில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். விலங்கியல் மாணவர்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

*வளாகத்துக்குள்:* பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளைக் குறித்து இணையத்தில் பதிவிட்டால் போதும். சென்னை கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறிய காலத்தில், அந்த வளாகத்துத் தாவரங்களில் ஈடுபாடு கொண்டு மரங்களை நட்டு வளர்த்த எட்வர்ட் பார்ன்ஸ், அங்கே வேதியியல் பேராசிரியர். தன் டிபார்ட்மென்ட்டுக்கு வெளியே ஒரு காதல் இருப்பது ஆசிரியருக்கும் அழகு, மாணவருக்கும் அழகு.

*என்.எஸ்.எஸ்.:* 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும், ஏழு நாள் கிராம முகாமும் உண்டு. சான்றிதழுக்காகவும் ஓ.டி.க்காகவும் (ஆன் டியூட்டி) போகிறவர்கள் அதிகம். அதே முகாமில் ஒரு கிராமத்தின் தண்ணீர்ப் பிரச்னையைக் கேட்டு எழுதியவருக்கு இதழியலோ சமூகப் பணியோ தனக்குப் பொருந்துமா என்பது அந்த ஏழு நாளில் தெரிந்துவிடும்.

*நூலகத்தில்:* சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், எல்லா ஊரிலும் உள்ள கிளை நூலகங்கள்! உங்கள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் அலமாரியின் முன் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கை எந்தப் புத்தகத்துக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

*இணையத்தில்:* தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து தன்னார்வலர்களால் வளர்கிறது. உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ ஒரு கட்டுரை எழுதினால், தகவலைச் சரிபார்க்கவும் தெளிவாக எழுதவும் அதுவே பயிற்சி.

*பாடத்திட்டத்தில்:* விருப்பப் பாடம் என்று கல்லூரியே ஒரு வாய்ப்புத் தருகிறது. 'எதில் மார்க் சுலபமாக வரும்?' என்று கேட்டு அதை வீணாக்க வேண்டாம். ஒரே ஒரு செமஸ்டரிலாவது, 'எதைத் தெரிந்துகொள்ள ஆசை?' என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஞாயிறு இரவு ஒரு பக்கம்

எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பது பாதி வேலை. தொட்டது என்ன செய்தது என்று திரும்பிப் பார்ப்பது மீதிப் பாதி. நாற்பது நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு நாற்பது சான்றிதழ் வாங்கியும், தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியாதவர்கள் உண்டு.

இதற்கு ஒரு நோட்டு போதும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வாட்டிய அனுபவங்களை எழுதச் சொன்னார். நடந்ததையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது குறைந்தது. மனதில் சுழல்வதைத் தாளில் இறக்குவதற்கு அவ்வளவு பலன் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரவு, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, ஐந்து கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதுங்கள்:

1. இந்த வாரம் யாரும் சொல்லாமல், மார்க்கும் கிடைக்காமல், நானாகச் செய்தது எது?

2. எதைச் செய்தபோது நேரம் போனது தெரியவில்லை?

3. எது கடினமாக இருந்தும் மறுபடி முயலத் தோன்றியது?

4. யாரைப் பார்த்துப் பொறாமை வந்தது? அவர் செய்வதில் எதை நானும் செய்ய ஆசைப்படுகிறேன்?

5. அடுத்த வாரம் புதிதாகத் தொட்டுப் பார்க்கப்போவது எது?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் கூடுதல் கவனம் வேண்டும். சுலபமானது எல்லாருக்கும் பிடிக்கும். எந்தச் சிரமத்தைத் தாங்கிக்கொள்ள நீங்கள் தயாராக இருக்கிறீர்கள் என்பதுதான் ஆர்வத்தின் உண்மையான அளவுகோல். ஒரு செமஸ்டர் முழுக்க எழுதிய பக்கங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இரண்டு மூன்று இருக்கும். அவற்றை நம்பலாம்.

பெற்றோருக்கும் கல்லூரிக்கும்

மாணவரை மட்டும் மாறச் சொல்வது நியாயமில்லை. பெற்றோர் செமஸ்டர் ரிசல்ட்டைக் கேட்பதற்கு முன், "இந்த மாசம் புதுசா என்ன பண்ணினே?" என்று கேட்கலாம். மகன் தெருக்கூத்தைப் பற்றிப் பேசினால், "அதை வெச்சு என்ன சம்பாதிப்பே?" என்று முதல் வரியிலேயே வெட்டிவிடாமல் இருக்கலாம். கல்லூரிகள், மாணவிகளின் ஹாஸ்டல் கதவை மாலையிலேயே பூட்டிவிட்டு, அவர்களை நூலகத்துக்கும் நாடக ஒத்திகைக்கும் போகவிடாமல் தடுப்பதை நிறுத்த வேண்டும். பாதுகாப்பு தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அதன் பெயரில் மாணவிகளின் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது. வாரத்தில் ஒரு மதியத்தையாவது வகுப்பில்லாமல் விட்டால், அது பாடத்துக்கு இழப்பாகாது.

தமிழ்நாடு தன் பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டது. உள்ளே போனவர்கள் தங்களைத் தெரிந்துகொண்டு வெளியே வர வேண்டும். அடுத்த கடமை அதுதான். கல்லூரி மாணவர்களே, அந்தக் கடமையின் பெரும்பகுதி உங்கள் கையில் இருக்கிறது. இந்த செமஸ்டர் முடிவதற்குள், மார்க்குக்கும் பிளேஸ்மென்ட்டுக்கும் சம்பந்தமில்லாத ஒன்றைத் தொடங்குங்கள். கடினமாக இருக்கும் முதல் சில வாரங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிடித்தால் தொடருங்கள்; பிடிக்காவிட்டால் தயங்காமல் அடுத்ததைத் தொடுங்கள்.